வேகத்தைத் தடுக்கும் திரையும் மெல்ல நுழையும் கத்தியும்

அறிவியல் புனைகதைகளில் வரும் காலாட்படை, அதாவது தரையில் நின்று போரிடும் படை, எப்படிப் போரிடும் என்பதை அதன் ஆயுதத்தின் வலிமையைக் காட்டிலும் அந்த ஆயுதத்துக்கு உள்ள தடைகளே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. எதையும் எரித்துவிடும் கதிர்த் துப்பாக்கியை வீரன் கையில் கொடுத்துவிட்டால் போர்த் தந்திரத்துக்கு வேலையில்லை என்பதை இத்துறையின் தேர்ந்த எழுத்தாளர்கள் அறிந்திருந்தனர்.

ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் வெளியிட்ட ‘டியூன்’ நாவலில் வீரர்கள் அணியும் காப்புத்திரை, உடலைச் சூழ்ந்து நின்று, வேகமாக வரும் எதையும் தடுத்து, மெதுவாக வருவதை மட்டும் உள்ளே விடும் விசைப்புலமாகும். அதனால் தோட்டாவுக்கு மதிப்பில்லாமல் போகிறது. திரையின்மீது லேசர் கதிர் பட்டாலோ சுட்டவனையும் சேர்த்து அழிக்கும் பெருவெடிப்பு நேரலாம் என்பதால், விண்வெளியில் பயணிக்கும் மனிதர்கள் மீண்டும் கத்திச் சண்டைக்குத் திரும்புகின்றனர். பாய்ந்து வரும் கை, திரையைத் தொடும் கணத்தில் வேகம் குறைந்து நுழைய வேண்டும் என்பதே அவர்களின் பயிற்சி. திரையில்லாத பாலைவன வீரனோடு பால் என்னும் நாயகன் மோதும்போது இந்தப் பழக்கமே குறுக்கே வந்து அவன் வீச்சைத் தாமதப்படுத்த, அவன் எதிரியோடு வேண்டுமென்றே விளையாடுகிறான் என்று சுற்றி நிற்பவர்கள் எண்ணிவிடுகின்றனர். நாவலின் மிக நுட்பமான இடங்களுள் இதுவும் ஒன்று.

ராபர்ட் ஹைன்லைன் 1959இல் எழுதிய ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’, அணிந்தவரின் அசைவை உணர்ந்து அதைப் பன்மடங்கு வலிமையோடு நிகழ்த்தும் இயந்திரக் கவசத்தைப் புகழ்பெறச் செய்தது. காசநோயால் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற அவர் போர்க்களம் கண்டவர் அல்லர். அவருடைய கவசம் ஏறத்தாழக் குறையற்றதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

வியட்நாம் போரில் படுகாயமுற்ற ஜோ ஹால்டிமன் 1974இல் நூலாகத் தந்த ‘தி ஃபாரெவர் வார்’ நாவலிலோ கவசமே ஆளைக் கொல்கிறது. வெப்பத்தை வெளியேற்றுவதற்காக அதன் முதுகில் அமைந்த தகடுகள் உறைந்த வாயுவின்மீது பட்டால் வெடிக்கும் என்பதால், பயிற்சியில் மல்லாந்து விழுவதே மரணமாகிவிடும். இதே நாவலில் வரும் தேக்கப்புலம் என்ற அரைக்கோள வெளிக்குள் எந்தப் பொருளும் நொடிக்கு 16.3 மீட்டருக்கு மேல் செல்ல முடியாது. சுழற்பந்து வீச்சாளர் சாதாரணமாக வீசும் பந்துகூட இதைவிட விரைவானது. மின்காந்த அலைகளும் அதற்குள் செயலற்றுப் போவதால் லேசரும் வெடிகுண்டும் பயனற்றவையாக, நட்சத்திரங்களைக் கடந்து வந்த படை வாளும் ஈட்டியும் அம்பும் ஏந்துகிறது. நரம்புகளின் மின்துடிப்பும் நின்றுவிடும் என்பதால் தனிப் பூச்சிட்ட உடையின்றி உள்ளே நுழைபவர் மறுகணமே இறப்பார். முற்றுகையில் சிக்கிய வீரர்கள் கடைசியில் தம்மிடமுள்ள குண்டை முடுக்கி வைத்துவிட்டு, அது புலத்துக்கு வெளியே விடுபடும்படி புலத்தை உண்டாக்கும் கருவியை நகர்த்திச் செல்கின்றனர். உள்ளே வெடிக்க மறுத்த குண்டு, விளிம்பைக் கடந்ததும் வெளியே காத்திருந்த எதிரிகளின் நடுவே வெடிக்கிறது.