மாட்டாஸ்பத்திரிக்கு வரும் நாய்கள்

நாற்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் முகையூர்ப் பக்கத்தில் மாட்டாஸ்பத்திரி என்றால் அது மாட்டுக்கு மட்டும்தான். சினை ஊசிக்கும் கோமாரித் தடுப்பூசிக்கும் பசுவை ஓட்டிவருவார்கள். கூடவே ஓடிவந்த நாய் வாசலில் மரத்தடியில் படுத்திருக்கும். அதற்கும் நோய் வரும், அதே டாக்டர் அதற்கும் மருந்து தருவார் என்ற நினைப்பே யாருக்கும் வந்ததில்லை. இன்று அதே வாசலில் நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பைக்கில் வந்து இறங்குகிறார்கள்.

அன்று பாசம் குறைவாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். எங்கள் தென்பெண்ணை ஆற்று வட்டாரத்தில், திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமை மந்தைக்காகப் போரிட்டு விழுந்த வீரனோடு, இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயையும் அதில் செதுக்கிப் பெயர் பொறித்திருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டிலேயே நாய்க்குக் கல்லில் இடம் கொடுத்த மண் இது. மல்லாட்டைக் கொல்லையில் பன்றி விரட்டிய நாய்க்கும் கூழில் பங்கு இருந்தது. ஆனால் அது நோயில் விழுந்தால் என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

தெரிந்தவை கொஞ்சம். சாப்பிடாமல் கிடந்தால், அருகம்புல்லைத் தின்று வாந்தி எடுத்துத் தானே தேறிவிடும் என்பார்கள். புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவுவார்கள். உண்ணியைக் கையால் பிடுங்கி மண்ணெண்ணெயில் போடுவார்கள். அந்த உண்ணி கடிக்கும்போதே ஒரு கிருமியை ரத்தத்தில் விட்டுச் செல்கிறது, தட்டணுக்கள் குறைந்து மூக்கில் ரத்தம் வடிவது அதனால்தான் என்று அன்று சொல்ல ஆள் இல்லை. எங்கோ அடிபட்டிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். நாய் மெலிந்து, ஈறு வெளுத்து, ஒருநாள் வைக்கோல் போருக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். இன்று ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்தே அந்த நோயைக் கண்டுபிடிக்க முடிகிறது. டாக்சிசைக்ளின் மாத்திரையை 28 நாள் கொடுக்க வேண்டும். கறித்துண்டுக்குள் ஒளித்துவைத்தாலும் கறியை மட்டும் தின்று மாத்திரையைத் துப்பிவிடும் நாய்கள் உண்டு. ஆனாலும் நாலு வாரமும் வீட்டில் யாராவது ஒருவர் விடாமல் கொடுக்கிறார்கள்.

அன்று இங்கே யாரும் பெயர்கூடக் கேட்டிராத நோயும் வந்து சேர்ந்திருக்கிறது. பார்வோ வைரஸை 1978இல்தான் உலகம் அடையாளம் கண்டது. இரண்டே ஆண்டுகளில் அது கண்டம் கண்டமாகப் பரவிவிட்டது. ரத்தக் கழிச்சலில் துவண்ட குட்டிக்கு வைத்தியம் பார்க்காவிட்டால் பத்தில் ஒன்று தேறுவதே அரிது. டிரிப்ஸ் ஏற்றி, உடனிருந்து கவனித்தால் எட்டுக்கும் மேல் தேறுகின்றன. ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டிவிட்டு, குட்டியின் காலைப் பிடித்தபடி இரவு முழுக்க விழித்திருக்கும் வீடுகள் இப்போது கிராமத்திலும் இருக்கின்றன.

வெறிநோய் மட்டும் அன்றும் இன்றும் கொல்லும் நோய்தான். அன்று சந்தேகம் வந்த அன்றே நாய் அடிபட்டுச் செத்தது. கடிபட்டவருக்கு வயிற்றில் 14 ஊசி; அந்தப் பழைய மருந்து இந்தியாவில் 2004 கடைசியில்தான் நின்றது. இன்று கடிபட்டவருக்குக் கையில் நான்கைந்து தவணையாகத் தடுப்பூசி போடுகிறார்கள். நாய்க்கோ ஆண்டுக்கு ஒன்று. செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தையொட்டி இலவச முகாமிலும் போடுகிறார்கள்.

தொலைவுதான் இன்னும் முழுதாகக் குறையவில்லை. பெரிய பரிசோதனை என்றால் விழுப்புரம், அதையும் தாண்டினால் புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரி. நோயாளி நாயைப் பேருந்தில் ஏற்ற விடுவதில்லை. மருந்துச் செலவைவிட ஆட்டோ வாடகை கூடிப்போகும் நாட்கள் உண்டு, அதில் தயங்கித் தயங்கிக் காலம் கடந்துபோகும் நாய்களும் உண்டு. சென்னை வேப்பேரியில், 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில், சிறுநீரகம் பழுதான நாய்க்கு டயாலிசிஸ் செய்கிறார்கள் என்று இங்கே எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். வாரத்துக்கு எத்தனை முறை அங்கே போய்வர முடியும்?

அன்றைய நாய் தெருவுக்குச் சொந்தம். நாலு வீட்டில் சோறு, நாலு வீட்டிலும் வருத்தம். இன்று சங்கிலியும் வாசல் கேட்டும் வந்து அது ஒரு வீட்டு நாயாகிவிட்டது. அதனால்தான் காய்ச்சல் அன்றைக்கே கண்ணில் படுகிறது. முடிவையும் அந்த ஒரு வீடே எடுக்க வேண்டியிருக்கிறது. இனி வலி மட்டும்தான், ஊசி போட்டு அனுப்பிவிடலாமா என்று டாக்டர் கேட்கிறார். அந்தக் கேள்வியை எங்கள் அப்பா காலத்து ஆட்களிடம் யாரும் கேட்டதில்லை. அது பாட்டுக்கு மரத்தடியில் கிடக்கட்டும், சங்கிலியை அவிழ்த்துவிடு என்கிறார்கள் பெரியவர்கள். இவ்வளவு வலியோடு எதற்குக் கிடக்க வேண்டும் என்று பிள்ளைகள் அழுகிறார்கள். நான் பிள்ளைகள் பக்கம்தான். ஆனாலும் சாகும் இடத்தைத் தானே தேடிப் போகும் உரிமை அந்தப் பழைய நாய்களுக்கு இருந்தது என்பதையும் என்னால் மறுக்க முடியவில்லை.