கண்ணைத் திருடும் கிருமி!

எச்.ஐ.வி. உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

வீட்டுக்குள் திருடன் புகுந்தால் நாய் குரைக்கும். கண்ணுக்குள் கிருமி புகுந்தால்?

சத்தமே இராது! வலி இருக்காது. கண் சிவக்காது. ஆனால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் பறிபோய்க்கொண்டிருக்கும்.

எச்.ஐ.வி. கிருமி உள்ளவர்களுக்கு வரக்கூடிய கொடிய கண் நோய்களில் ஒன்று இது.

காவல்காரர்கள்

நம் ரத்தத்தில் "சி.டி.4" என்ற வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. நோயை எதிர்க்கும் காவல்காரர்கள் இவை. ஆரோக்கியமானவருக்கு ஒரு கன மில்லி மீட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் இருக்கும்.

எச்.ஐ.வி. இந்தக் காவல்காரர்களைத்தான் அழிக்கிறது. எண்ணிக்கை 50-க்குக் கீழே போனால் கண்ணுக்கு ஆபத்து!

"சைட்டோமெகலோ" என்று ஒரு வைரஸ். பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் இது இருக்கிறது. காவல் இருக்கும் வரை வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். காவல் போனதும் விழித்திரையைத் தாக்கும்.

சினிமாத் திரையில் படம் விழுகிறது அல்லவா? அதுபோல் நாம் பார்க்கும் பொருள் விழுவது விழித்திரையில்தான். திரை கருகினால் படம் ஏது? கருகிய இடத்தில் பார்வை திரும்ப வராது. வைத்தியம் செய்யாவிட்டால் சில மாதங்களில் அந்தக் கண் போய்விடும். மறு கண்ணுக்கும் வரலாம்.

அடையாளம் என்ன?

கண் முன்னே பூச்சி பறப்பதுபோல் கரும்புள்ளி தெரியும். மின்னல் வெட்டும். எழுத்து மங்கும். பார்வையில் ஒரு மூலை மறையும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, மறு கண்ணால் சுவர்க் காலண்டரைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும்!

சிலருக்கு எந்த அடையாளமும் தெரியாது. ஆகவே சி.டி.4 குறைந்தவர்கள் கண் டாக்டரிடம் போகவேண்டும். அவர் சொட்டு மருந்து விட்டு, பாவையை விரியச் செய்து, உள்ளே பார்ப்பார்.

நெற்றியிலும் மூக்கு நுனியிலும் அக்கிக் கொப்புளம் வந்தாலும் உடனே ஓடவேண்டும். அதுவும் கண்ணைக் கெடுக்கும்.

அன்றும் இன்றும்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில், 1986-ம் ஆண்டில். அந்த நாட்களில் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகள் 10 பேரில் சுமார் 3 பேரை இந்தக் கண் நோய் பிடித்தது.

1989-ல் "கான்சிக்ளோவிர்" மருந்து வந்தது. அதை ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். கண்ணுக்குள்ளேயும் ஊசி போட்டார்கள். 2001-ல் அதே வகை மருந்து மாத்திரையாகவும் வந்தது.

ஆனால் பெரிய திருப்பம் 1996-ல் வந்த கூட்டு மருந்து. அது எச்.ஐ.வி.யையே அடக்கியது. காவல்காரர்கள் திரும்பினார்கள். கண் நோயும் வெகுவாகக் குறைந்தது. இந்திய அரசு 2004 முதல் இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது.

வெட்கம் வேண்டாம்

"எனக்கு எச்.ஐ.வி." என்று கண் டாக்டரிடம் சொல்லச் சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கமே பார்வையைப் பறிக்கிறது! எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி வைத்தியம் மறுப்பதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

வீட்டாரும் பயப்பட வேண்டாம். கண்ணீரால் எச்.ஐ.வி. பரவாது. கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தாராளமாக அழைத்துச் செல்லலாம்.

மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பிறகும் சிலருக்குக் கண் மங்கலாம். அப்போது மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் காட்டவேண்டும்.