தணிப்புச் சிகிச்சை தேவைப்படுவோரைக் கண்டறிதல்

தணிப்புச் சிகிச்சை தேவைப்படுவோரைக் கண்டறிதல் என்பது, கடும் நோயுற்றவர்களுள் யாருக்கு வலி, மூச்சுத்திணறல், மனவேதனை ஆகியவற்றைத் தணிக்கும் கவனிப்பும் தேவை என்பதை உரிய காலத்தில் அறிவதாகும். இது வலி நிவாரண சிகிச்சை, ஆதரவு சிகிச்சை என்றும் வழங்கப்படுகிறது.

இறுதி நாட்களுக்கு மட்டுமா?

"இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று கைவிட்ட பிறகு தருவதே இச்சிகிச்சை எனப் பலர் கருதுகின்றனர். அது தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் 5.68 கோடிப் பேருக்கு இது தேவைப்படுகிறது. அவர்களுள் வாழ்வின் கடைசி ஆண்டில் இருப்பவர்கள் 2.57 கோடிப் பேர் மட்டுமே. ஆனால் தேவைப்படுவோரில் சுமார் 14 விழுக்காட்டினரே இதனைப் பெறுகின்றனர். நோயைக் குணப்படுத்தும் மருத்துவம் நடக்கும்போதே இதையும் சேர்த்துத் தரலாம்.

அடையாளங்கள்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 2010-இல் உருவாக்கப்பட்ட 'ஸ்பிக்ட்' என்னும் வழிகாட்டி, எந்த நோயாயினும் கவனிக்க வேண்டிய பொதுவான அடையாளங்களைத் தருகிறது. அவற்றுள் முக்கியமானவை:

- எதிர்பாராமல் மீண்டும் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்தல்
- பகலில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழித்தல்
- குளிக்க, உடுத்த, நடக்கப் பிறர் துணை தேவைப்படுதல்
- சில மாதங்களில் உடல் எடை வெகுவாகக் குறைதல்
- முறையான சிகிச்சைக்குப் பின்னும் தொல்லைகள் நீடித்தல்
- கவனித்துக்கொள்பவர் தாங்க முடியாமல் தளர்ந்துபோதல்

மருத்துவர்கள் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றும் உண்டு: "இவர் ஓராண்டுக்குள் இறந்தால் நான் வியப்படைவேனா?" இல்லை என்பது விடையானால், அவருடைய தேவைகளை ஆராய வேண்டும். இது ஆயுளைக் கணிக்கும் சோதிடம் அன்று; கவனத்தைத் திருப்பும் கேள்வி.

தவறவிடப்படுவோர்

புற்றுநோயில் உடல்நிலை சரிவது பெரும்பாலும் வெளிப்படையாகத் தெரியும். இதயச் செயலிழப்பிலும் நாட்பட்ட நுரையீரல் நோயிலும் நோயாளி திடீரென மோசமாகி, பின்பு தேறுவார்; ஆனால் முன்பிருந்த நிலைக்கு முழுமையாகத் திரும்பமாட்டார். மறதிநோயில் தளர்ச்சி ஆண்டுக்கணக்கில் மெல்ல நிகழும். "வயதாகிவிட்டது" என்று நாம் சொல்லிவிடுவதால் இவர்களின் துன்பம் கவனத்துக்கு வருவதில்லை.

தமிழ்நாட்டில்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டிற்கே வந்து அளிக்கும் ஆதரவு சிகிச்சையும் அடங்கும். மாடம்பாக்கம் போன்ற தாம்பரம் புறநகர்ப் பகுதிகளில், பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின் முதியவர் பகலெல்லாம் தனித்திருக்கும் வீடுகள் உண்டு. அங்கு மாற்றத்தை முதலில் காண்பவர் அண்டை வீட்டாராகவும் இருக்கலாம்.

குடும்பத்தார் செய்யக்கூடியது

மூன்று மாதங்களுக்கு முன் நோயாளியால் செய்ய முடிந்தது எது, இன்று முடியாதது எது, எத்தனை முறை மருத்துவமனையில் சேர்ந்தார், இரவில் உறங்குகிறாரா என்பவற்றை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டலாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலோ விசாரிக்கலாம். எல்லாவற்றுக்கும் முன், அவருக்கு என்ன வேண்டும் என்பதை அவரிடமே கேட்க வேண்டும்.