வாத்துக் குளிர்

பிரான்சின் லியோன் நகருக்குப் படிக்கப் போகிற நண்பர் மகள் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். டீ டம்ளரை வாங்கிக்கொண்டவள் மறுகையால் செல்போனை நீட்டினாள். "மாமா, குளிருதுன்னு சொல்ல வந்தவங்க எதுக்கு வாத்தை இழுக்கறாங்க?"

அதில் இருந்த பிரெஞ்சு வாக்கியம், 'இல் ஃபே அன் ஃப்ருவா த கனார்.' ஃப்ருவா என்றால் குளிர், கனார் என்றால் வாத்து. இரண்டுக்கும் கடைசியில் ஒரு 'டி' எழுத்து உண்டு. எழுதத்தான், வாயில் வராது. மொத்தத்தில், 'வாத்துக் குளிர் அடிக்கிறது'.

வாத்துக்குக் குளிருமா என்றால், அவ்வளவாக இல்லை. வால் அடியில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்து இறகில் பூசிக்கொள்ளும். தண்ணீர் உள்ளே இறங்காது. காலில் இன்னொரு ஏற்பாடு. கீழே போகிற சூடான ரத்தம், மேலே ஏறுகிற குளிர்ந்த ரத்தத்துக்கு வழியிலேயே தன் சூட்டைக் கொடுத்துவிடும். பாதம் சில்லென்றே இருக்கும், உடம்புச் சூடு வீணாகாது. பனிக்கட்டி மேல் வெறுங்காலோடு நிற்பது இதனால்தான்.

அப்படியானால் குளிர் யாருக்கு? வாத்துக்காகக் காத்திருக்கிறவனுக்கு. பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். வாத்து வேட்டை இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நடப்பது. வடக்கே சோம் ஆற்று முகத்துவாரம் போன்ற சதுப்புகளில் விடிவதற்கு முன்பே போய்ப் பதுங்க வேண்டும். காலை உதறக் கூடாது, கையைத் தேய்க்கக் கூடாது. அசைந்தால் பறவை பறந்துவிடும். அந்த மனிதனின் குளிர் வாத்தின் பேரில் எழுதப்பட்டுவிட்டது.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இது பழக்கம். அகோரப் பசிக்கு 'ஓநாய்ப் பசி', கடும் காய்ச்சலுக்குக் 'குதிரைக் காய்ச்சல்', மோசமான வானிலைக்கு 'நாய் வானிலை'. விலங்கு வந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். "நாம பேய் மழைங்கறோம், யானைப் பசிங்கறோம். பேயா பெய்யுது?" என்றேன். சிரித்தாள்.

எத்தனை டிகிரிக்கு இதைச் சொல்லலாம்? சுவிஸ் எல்லையை ஒட்டிய மூத் என்ற ஊரில் 1968 ஜனவரி 13 அன்று மைனஸ் 36.7 டிகிரி பதிவானது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். பஸ் ஸ்டாப்பில் விரல் விறைத்தால் போதும், பக்கத்தில் நிற்கிற பாட்டியிடமே சொல்லலாம், மரியாதைக் குறைவில்லை.

மழைக்கு உள்ள சொற்களில்தான் கவனம் வேண்டும். 'கயிறு கயிறாகப் பெய்கிறது' என்பது எங்கும் செல்லும். 'பசு மூத்திரம் பெய்வது போல' என்று இன்னொன்று உண்டு. நம் 'பெய்' என்ற வினையும் இரண்டுக்கும் ஆகும் என்பதால் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் நண்பர்களோடு நிறுத்திக்கொள், பேராசிரியரிடம் வேண்டாம் என்றேன்.

அதே நண்பர்கள் குளிருக்கு வாத்தையும் விட்டுவிட்டு 'ஸா காய்' என்று இரண்டே சொல்லில் முடிப்பார்கள். பால் உறைவதற்கு உள்ள வினை அது. நாமும் 'குளிரில் உறைந்துபோனேன்' என்கிறோமே, அதேதான். அகராதியைப் புரட்டினால் அதே எழுத்துக்கூட்டில் காடை என்ற பறவையும் வந்து நிற்கும். ஏமாந்துவிடாதே, அது வேறு சொல்.