ஸ்கூலுக்கு டிசி... குழந்தையோடு வேன் டூரா? வண்டி எடுக்கும் முன்னாடி இதைப் படிங்க!

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ஒருநாள் நின்று பாருங்க. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும். கேபினுக்குள் படுக்கை, கண்ணாடி ஓரம் காயும் லுங்கி, டயர் பக்கத்தில் ஸ்டவ்வில் கொதிக்கும் குழம்பு. வண்டியே வீடுன்னா என்னன்னு திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனா, ரீல்ஸில் வருகிற 'வேன் லைஃப்' வேற மாதிரி இருக்கு. பின் கதவைத் திறந்தா மலை, மடியில் லேப்டாப், பக்கத்தில் டிராயிங் போடுற குழந்தை. "ஒரு வருஷம் ஸ்கூலை நிறுத்திட்டு நாமளும் கிளம்பிடலாமா?" என்று உங்க வீட்டிலும் பேச்சு வந்திருக்கலாம். வடசென்னையில் இந்த ஆசைக்கு வெறும் ரீல்ஸ் மட்டும் காரணமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். 2024 அக்டோபர் 25-ம் தேதி திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் வாயு நெடி தாங்காமல் மாணவிகள் மருத்துவமனைக்குப் போனார்கள். "கொஞ்ச நாளாவது நல்ல காத்துல இருக்கட்டுமே" என்று ஒரு அம்மா நினைப்பதில் என்ன தப்பு?

தப்பே இல்லை. கிளம்புறதும் கஷ்டமில்லை. கஷ்டம் எல்லாம் திரும்பி வரும்போதுதான். அதைப் பற்றித்தான் பேசப்போறோம்.

இந்த விஷயத்தில் உலகமே அறிந்த குடும்பம் அர்ஜென்டினாவின் ஹெர்மன் - கேண்டலேரியா ஸாப் தம்பதி. 1928 மாடல் கிரஹாம்-பெய்ஜ் காரில் 2000 ஜனவரியில் கிளம்பினார்கள். அலாஸ்கா வரை போய்ட்டு வந்திடலாம், ஆறு மாசம்தான் என்று பிளான். வீடு திரும்பியது 2022 மார்ச்சில்! 22 வருஷம், 102 நாடுகள். நாலு குழந்தைகளும் பயணத்துக்கு நடுவிலேயே பிறந்தார்கள். அம்மாதான் டீச்சர், கூடவே தொலைதூரக் கல்வி. கேட்க ஜாலியா இருக்கும். ஆனா ஒண்ணு, ஒவ்வொரு நாட்டிலும் விதி வேற. இங்கிலாந்தில் 2015-ல் மகளை ஸ்கூல் நாளில் டிஸ்னி வேர்ல்டுக்குக் கூட்டிப்போன ஒரு அப்பா, அபராதத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 2017-ல் தோற்றார். அதுவும் வெறும் ஏழு நாள் லீவுக்கு.

சரி, நம்ம ஊர் சட்டம் என்ன சொல்லுது?

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை கல்வி குழந்தையின் உரிமை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 10-வது பிரிவு. ஆனா மீறினால் பெற்றோருக்கு இவ்வளவு அபராதம் என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. வீட்டிலேயே படிக்க வைப்பது பற்றி அதில் பேச்சே கிடையாது. அனுமதியும் இல்லை, தடையும் இல்லை. அதனால போலீஸ் வந்து வண்டியை மறிக்காது. ஆனா சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால், உங்க பிள்ளை 'பள்ளி செல்லாக் குழந்தை' கணக்கில் வந்துவிடும். ஆசிரியர்கள் வீடு தேடி வருவார்கள். வரணும், அது அவங்க வேலை. அதனால ஹெச்.எம்-மிடம் நேரில் பேசி, முறையாக டிசி வாங்குங்க. எமிஸ் நம்பரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்க. திரும்பிச் சேரும்போது முதல்ல கேட்பது அதைத்தான்.

திரும்பி வந்தால் சட்டம் உங்க பக்கம் இருக்கு. இடையில் விட்ட குழந்தையை வயசுக்கேற்ற வகுப்பில் சேர்க்கணும், விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி கொடுக்கணும் என்கிறது 4-வது பிரிவு. டிசி வர லேட்டானாலும் அதைக் காட்டி அட்மிஷனை மறுக்க முடியாது. இந்தப் பிரிவு நமக்கு வேன் டூருக்குத் துணை. ஆனா இது உண்மையில் யாருக்குத் தேவைப்படுதுன்னா, செங்குன்றம் தாண்டி திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து ஒவ்வொரு சீசனும் குடும்பத்தோடு வருகிறவர்களின் பிள்ளைகளுக்கு. ஊரில் பாதி வருஷம், சூளையில் பாதி வருஷம். சூளைப் பக்கத்திலேயே ஒடியா மொழியில் பாடம் நடத்தும் ஏற்பாடும் அங்கே நடந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் பயணத்தை யாரும் ரீல்ஸ் போடுவதில்லை.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். பலரும் கோட்டை விடுறது இங்கதான்.

உங்க பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறதா? அப்படின்னா 6-ம் வகுப்பிலிருந்து 12 வரை உள்ள ஏழு வருஷம் ஒரு சங்கிலி. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் போச்சு. மருத்துவப் படிப்பில் 2020-ல் வந்த 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு, கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன்... எல்லாவற்றிலும் 6 முதல் 12 வரை எங்கே படிச்சீங்க என்பதுதான் கேள்வி. ஏழாம் வகுப்பில் ஒரு வருஷம் லடாக்கைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை, 17 வயசில் அந்த சர்டிஃபிகேட்டுக்காக அலையக்கூடாது. போறதுன்னா ஐந்தாம் வகுப்புக்குள் போய் வந்துடுங்க.

தனியார் பள்ளியில் ஆர்.டி.இ 25 சதவிகித ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளையா? இன்னும் கவனம். அந்த சீட் எல்.கே.ஜி, ஒன்றாம் வகுப்பு போன்ற நுழைவு வகுப்பில் மட்டும்தான் கிடைக்கும். டிசி வாங்கிட்டா, அடுத்த வருஷம் மூன்றாம் வகுப்பில் வந்து அதே சீட்டைக் கேட்க முடியாது. ஃபீஸ் கட்டித்தான் சேரணும். என் கருத்து: அந்த சீட்டில் இருக்கும் பிள்ளையை நிறுத்தாதீங்க. லீவில் போங்க.

8-ம் வகுப்பு வரை இங்கே ஆல் பாஸ் என்பதால் ஒரு வருஷம் போனால் குடி முழுகாதுதான். அதற்கு மேல் வெளியிலேயே படிக்கணும்னா, 12½ வயசு நிறைந்தவர்கள் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ்-ல் 14 வயசு ஆனால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஆனா அந்தச் சங்கிலிக் கணக்கை மறுபடி ஒருமுறை படிச்சிட்டு முடிவெடுங்க.

வழியில் படிப்பு பெரிய பிரச்னை இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எல்லாம் பி.டி.எஃப்-ஆக இலவசம். கிளம்பும் முன் டவுன்லோடு பண்ணிடுங்க, மலையில் சிக்னல் இருக்காது. கணக்கும் தமிழும் மட்டும் தினமும் காலையில் ஒரு மணி நேரம். மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறையைப் பார்த்த பிள்ளைக்குச் சமூக அறிவியல் பாடத்தில் டச்சுக்காரர் வரும்போது எதையும் மனப்பாடம் பண்ணத் தேவையிருக்காது.

வண்டி விஷயம் வேற தலைவலி. தெரிந்த பட்டறையில் பழைய டிராவலரைக் கொடுத்து கட்டில், சிங்க் வைத்து வாங்கிடலாம்னு நினைக்காதீங்க. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி-யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2021 ஆகஸ்டில் கேரளாவின் கண்ணூரில், வேனிலேயே ஊர் சுற்றிய யூடியூபர்களின் வண்டி இந்த மாற்றங்களுக்காகவே பறிமுதல் ஆனது. ஏ.ஐ.எஸ்-124 என்ற தரவிதிப்படி கட்டி, கேரவன் என்றே பதிவான வண்டியை வாங்கணும். இல்லை வாடகைக்கு எடுக்கணும். அந்தச் செலவு கட்டுப்படாதா? சாதாரண காரும் ஒரு டென்ட்டும் போதும், குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது.

வீட்டு கேஸ் சிலிண்டரை மட்டும் வண்டியில் ஏற்றவே ஏற்றாதீங்க. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், பயணிகள் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள்.

இன்னொண்ணு, பிள்ளைகிட்ட கேட்டீங்களா? எட்டு வயசுக்கு மலை, கடலைவிட பக்கத்து பெஞ்ச் ஃப்ரெண்டு பெருசு. வாரம் ஒருமுறை வீடியோ கால், ஊர் ஊராக ஒரு போஸ்ட்கார்டு... இதையும் பிளானில் சேருங்க.

டிசி கேட்பதற்கு முன்னாடி ஒரு டிரையல் பாருங்க. கோடை விடுமுறை ஒரு மாசத்துக்கு மேல இருக்கு. காசிமேட்டில் விசைப்படகுகள் நிற்கும் மீன்பிடித் தடைக்காலமும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அதே சமயம்தான். படகு வைத்திருக்கும் குடும்பம்னா இன்னும் வசதி. முதலில் பழவேற்காடு வரை போய் ஒரே ஒரு ராத்திரி தங்குங்க. கொசு கடித்து, ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் எங்கேன்னு பிள்ளை எழுப்பும். மறுநாள் காலையில் "இன்னொரு நாள் இருக்கலாமா?" என்று அதுவே கேட்டால், ஹெச்.எம் அறைக் கதவைத் தட்டலாம்.