நேரம் குறிக்கும்போதே தமிழ் என்று சொல்லுங்கள்

1982-ல் சான் ஹோசே நகரில், வியட்நாமிய அகதிகளின் பேச்சுப் புரியாமல் போலீசார் திண்டாடியதால், தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவையொன்று பிறந்தது. அதுவே பின்னாளில் லாங்குவேஜ் லைன் ஆயிற்று. இன்று பல ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் மொழி, நாள், நேரம் பார்த்து மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது கம்ப்யூட்டர். ஆனால் பதிவில் உள்ளதைத்தான் அது அறியும். "இந்தியர்" என்று மட்டும் சொன்னால் இந்தி பேசுபவர் வந்து நிற்கக்கூடும்.

மாதவிலக்கு நின்று பல ஆண்டுகளுக்குப் பின் கண்ட உதிரப்போக்கை, மகன் வாயிலாக டாக்டரிடம் சொல்லத் தாயார் கூசுவார். அது கருப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். சொல்லாத நோய்க்கு மருந்தேது?

மத்திய அரசின் நிதி பெறும் ஆஸ்பத்திரிகள் மொழி உதவியை இலவசமாகத் தரவேண்டுமென்பது சட்டம். ஆகவே அன்பர்கள் நேரம் குறிக்கும்போதே "தமிழ்" என்று சொல்லிப் பதிந்துகொள்வது நலம்.