கண்ணாடியில் விழுந்த கீறல்

சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையே நடந்த சதுரங்கப் போட்டியொன்றில் கறுப்புக் காய்களுடன் ஆடினேன். எதிரி குதிரையை எடுத்தால் நானும் குதிரை. அவர் மந்திரியை நகர்த்தினால் நானும் மந்திரி. அவர் செய்வதையே செய்தால் எப்படித் தோற்க முடியும் என்பது என் கணக்கு. பதினோராம் நகர்த்தலில் அவர் 'செக்' வைத்தார். செக்குக்குப் பிரதி எடுக்க முடியாதே! தோற்றேன்.

அதன் பிறகுதான் பழைய ஆட்டமொன்றைப் பலகையில் அடுக்கிப் பார்த்தேன். 2013 நவம்பர் 9 அன்று, நம் தேனாம்பேட்டை அண்ணா சாலையில், ஹயாத் ரீஜென்சி ஓட்டலில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டம் அது. வெள்ளை, 22 வயது மாக்னஸ் கார்ல்சன்; கறுப்பு, நம் விஸ்வநாதன் ஆனந்த்.

இருவருமே மந்திரியை ஓரத்தில் நிறுத்தினார்கள். ராஜா பக்கத்துக் குதிரைக்கு நேரான சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, அந்த இடத்தில் மந்திரியை உட்கார வைப்பது இம்முறை. திண்ணையில் அமர்ந்தபடி நாற்சந்தியைக் கவனிக்கும் பெரியவரைப் போல, அது மூலைவிட்டமாக நடுக்களத்தைப் பார்த்திருக்கும். ஆறு நகர்த்தல்கள் முடிந்தபோது இரு படைகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். வரிசைதான் வேறு. இருவரும் கோட்டையும் கட்டியாயிற்று. ஒரே ஒரு வித்தியாசம்: கார்ல்சன் 'பி' சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தார், ஆனந்த் 'சி' சிப்பாயை.

ஒன்பதாம் நகர்த்தலில் ஆனந்த் கண்ணாடியை உடைத்தார். 'சி4'-இல் நின்ற சிப்பாயை வெட்டினார். கார்ல்சன் தம் 'பி' சிப்பாயால் திருப்பி வெட்டி, பின்னர் அதையே முன்னே தள்ளிக் குதிரையை விரட்டினார். குதிரை போய் அமர்ந்த இடம் எது? அந்தச் சிப்பாய் காலி செய்த அதே 'சி4'! அதை அங்கிருந்து விரட்ட வெள்ளையிடம் இனி ஒரு சிப்பாயும் இல்லை. வெள்ளை மந்திரி, புறப்பட்ட வீட்டுக்கே திரும்பியது. ராணி குதிரையைத் துரத்த, குதிரை ராணியைத் துரத்த, அதே நிலை திரும்பத் திரும்ப வந்து 16 நகர்த்தல்களில் ஆட்டம் சமன்.

'இவ்வளவுதானா?' என்பார்கள் சிலர். உலகப் பட்டத்துக்கான ஆட்டத்தில் கறுப்புடன் அமர்ந்து, வெள்ளையை இப்படித் தடுத்து நிறுத்துவது சிறிய காரியமா? (பட்டம் நவம்பர் 22 அன்று 6½–3½ என்று கார்ல்சனிடம் போனது வேறு கதை, அந்த வருத்தம் எனக்கும் உண்டு.)

என் ஆட்டத்தாளை மறுபடி எடுத்தேன். எட்டாம் நகர்த்தலில் எனக்கும் வெட்ட ஒரு சிப்பாய் இருந்திருக்கிறது. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.